ஆயுத பூஜைப் படங்கள் அறுபது நொடியில்

மாமா ஓய்வுபெற 19 நாள் இருக்கும்போது அத்தை ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். உள்ளே 214 படங்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 1988-இல் மாமா சேர்ந்தபோது எடுத்த பாஸ்போர்ட் படத்திலிருந்து, போன வருடம் பேத்தியைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம் வரை. “மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வைக்கிறாங்களாம். ஒரு நிமிஷத்துக்கு டிரெய்லர் மாதிரி ஏதாவது பண்ணிக் குடுப்பா” என்றார்.

ஓசூரில் டிரெய்லர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை 44-இல் புது வண்டிகளை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட லாரிதான். சினிமா டிரெய்லருக்கும் அந்தப் பெயர் வந்த காரணம் ஏறக்குறைய அதுவே. 1913 வாக்கில் அமெரிக்கத் திரையரங்குகளில் இந்த வழக்கம் தொடங்கியபோது, முன்னோட்டத்தை முழுப்படம் முடிந்த பிறகு போட்டார்கள். பின்னால் இழுபட்டு வருவது என்பதால் டிரெய்லர். கூட்டம் அதற்குள் எழுந்து போய்விடுகிறது என்று தெரிந்ததும் அதைப் படத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது.

எனக்கு அதுவரை எடிட்டிங் தெரியாது. ஆனால் அந்த 19 நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. எடிட்டிங் கற்க விரும்புகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது புகைப்படங்களைத்தான். வீடியோவில் ஆட்கள் நடப்பார்கள், பேசுவார்கள். அந்த அசைவே பாதி வேலையைச் செய்துவிடும், நாம் எதையும் முடிவு செய்யாமலே ஏதோ ஒன்று ஓடும். புகைப்படம் தானாக எதையும் செய்யாது. எதற்குப் பிறகு எது, எவ்வளவு நேரம், எங்கிருந்து எங்கே பார்வை நகர வேண்டும் என்று எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

எதற்குப் பிறகு எது என்ற கேள்வியை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய வருடங்களில் சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம். அதை ஒட்டி ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ அவர் பசியைக் காட்டினார், துக்கத்தைக் காட்டினார், ஆசையைக் காட்டினார் என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒன்றைப் பார்ப்பவரின் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதற்கு ரஷ்யா வரை போக வேண்டியதும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிராமப் பக்கம் போனால் வயலோரத்திலோ புளியமரத்தடியிலோ நடுகல் தென்படும். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். சில கற்கள் மூன்று அடுக்காகச் செதுக்கப்பட்டவை. கீழ் அடுக்கில் வீரன் சண்டையிடுகிறான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனை இரு பக்கமும் பிடித்து மேலே கொண்டுபோகிறார்கள். மேல் அடுக்கில் அவன் தெய்வத்தின் முன் இருக்கிறான். அவன் விழுந்து இறக்கும் காட்சியை இந்த மூன்றிலும் தேட வேண்டாம். அது முதல் அடுக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருக்கிறது. கல்தச்சன் அதைச் செதுக்காமலே நமக்குக் காட்டிவிட்டான்.

214-இல் 22-ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு நாலு ராத்திரி ஆனது. மலைப்பாக இருந்தபோது ஏ.கே. செட்டியாரை நினைத்துக்கொண்டேன். கோட்டையூர்க்காரரான அவர் மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைச் சேர்த்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. 1940-இல் வெளியான படம் சுமார் 12,000 அடி. 35 மில்லிமீட்டர் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்டதை அவர் இரண்டேகால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். கையில் கணினி இல்லை. கத்திரியும் பசையும்தான்.

படங்களைக் கணினிக்குள் கொண்டுவருவதில் முதல் தவறு செய்தேன். செல்போனில் படத்தைப் படம் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். ஸ்டூடியோவில் பளபளப்பாகப் போட்டுக் கொடுத்த பிரிண்டில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்தது. பிறகு ஸ்கேனரில் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தேன். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் இருக்கும் போஸ்ட்கார்டு சைஸ் படம் அப்போது 1,800-க்கு 1,200 புள்ளிகளாகிறது. ஃபுல் எச்டி திரையின் அகலமே 1,920 புள்ளி. அதாவது படத்தை நெருங்கிப் போகும் முன்பே புள்ளிகள் தீர்ந்துவிட்டன. மாமாவின் முகத்துக்கு அருகே போனால் மாவு பிசைந்தது போல இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி 600 டிபிஐ-யில் எடுத்தேன். 3,600-க்கு 2,400. இப்போது கிட்டத்தட்ட 1.9 மடங்கு வரை நெருங்கலாம். அதற்கு மேல் போனால் மென்பொருள் இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும்.

அடுத்தது வடிவச் சிக்கல். பிரிண்ட் 3-க்கு 2. திரை 16-க்கு 9. அகலத்தை 1,920-க்கு நிரப்பினால் உயரம் 1,280 வரும். திரை காட்டுவது 1,080. 200 வரிகள் வெளியே போயாக வேண்டும். ஆயுத பூஜைக் குழுப்படத்தில் மேலே 200 போனால் பின்வரிசைக்காரர்களின் தலை போகும். கீழே போனால் முன்னால் வைத்திருக்கும் பூசணிக்காயும் தேங்காயும் போகும். மென்பொருளில் இருக்கும் ‘தானாகப் பொருத்து’ பொத்தான் இரண்டிலும் நூறு நூறாக வெட்டும். நான் ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தினேன். நிற்கவைத்து எடுத்த படங்களுக்குப் பக்கவாட்டில் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது இப்போது எல்லாக் கல்யாண வீடியோவிலும் வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. கண் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தில் அசையும் கறையைப் பார்க்கிறது. கறுப்பாகவே விட்டேன்.

நான் பயன்படுத்தியது கேடென்லைவ் என்ற கட்டற்ற மென்பொருள். 2002-இல் தொடங்கிய திட்டம். காசு கொடுக்க வேண்டாம்; சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். ஷாட்கட், ஓபன்ஷாட் என்று இன்னும் உண்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் உண்டு, ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். எதைத் திறந்தாலும் கீழே டைம்லைன் இருக்கும், மேலே படம் தெரியும் கட்டம் இருக்கும். ஒன்றைக் கற்றால் மற்றது கைக்கு வந்துவிடும்.

படத்தை அசைக்கும் இடத்துக்கு வந்தபோது நான் திணறினேன். டிரான்ஸ்ஃபார்ம் என்ற பகுதிக்குள் போய் முதல் ஃபிரேமில் ஒரு கீஃப்ரேம் வைக்க வேண்டும், நாலு நொடி கழித்து இன்னொன்று. முதலாவதில் அளவு 100 சதவீதம், இரண்டாவதில் 120. நடுவில் இருக்கும் ஃபிரேம்களை யார் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்.

“இது ஜி-ஒன் தானே மாப்ள?”

மாமா லேத்தில் தொடங்கி, பிறகு கணினி நிரலில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு மாறியவர். சிஎன்சி நிரலில் ஜி01 என்றால் இப்போது இருக்கும் இடத்திலிருந்து சொன்ன இடத்துக்கு நேர்கோட்டில், சொன்ன வேகத்தில் டூலை நகர்த்து என்று பொருள். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, ஃபீட் எனும் வேகம் ஆகிய மூன்றை மட்டும் ஆபரேட்டர் கொடுப்பார். நடுவில் இருக்கும் ஆயிரம் நிலைகளைக் கன்ட்ரோலர் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதை இடைக்கணிப்பு என்கிறோம். கீஃப்ரேமும் அதேதான். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நாலு நொடிக்கு 100. 20 சதவீத வளர்ச்சியை நூறால் வகுத்து ஃபிரேமுக்கு 0.2 சதவீதம் என்று மென்பொருள் பகிர்ந்துகொள்கிறது. எனக்கு இரண்டு நாள் ஆனது. மாமாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. சிப்காட்டின் மெஷின் ஷாப்களில் ஷிஃப்டு பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எடிட்டிங் என்பது வேறு ஏதோ உலகத்துச் சங்கதி என்று அவர்களிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் அசைவைப் போட்டுப் பார்த்ததும் மாமா முகம் சுளித்தார். “சடக்குனு கிளம்புது, சடக்குனு நிக்குது. ஜாப்ல கோடு விழும்.” மெஷினில் டூல் நின்ற நிலையிலிருந்து ஒரே தாவலில் முழு வேகத்துக்குப் போனால் அதிர்வு வரும், வெட்டிய பரப்பில் தடம் தெரியும். அதனால் கன்ட்ரோலர் வேகத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும். கண்ணும் அப்படித்தான். நாம் பார்க்கும் எந்தக் கனமான பொருளும், மாடோ பஸ்ஸோ, ஒரு கணத்தில் முழு வேகத்தை எட்டுவதில்லை. அப்படி எட்டும் அசைவைக் கண்டால் மனம் பொம்மை என்று சொல்லிவிடுகிறது. கீஃப்ரேமை ‘லீனியர்’ என்பதிலிருந்து ‘ஸ்மூத்’ என்பதற்கு மாற்றியதும் படம் மூச்சு விடுவது போல நகர ஆரம்பித்தது.

அந்த மெல்லிய வளைவு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்குச் சிலிர்த்தது. அது கார் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது. பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியில் வேலை பார்த்த பால் த காஸ்டல்ஜோ 1959-இல் ஒரு கணக்குமுறையைக் கண்டுபிடித்தார். காரின் உடல் வளைவுகளை எண்களாக எழுதி மெஷினுக்குக் கொடுக்க அது உதவியது. கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோ கம்பெனியின் பொறியாளர் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து 1960-களில் வெளியிட்டார். அதனால் பெசியே வளைவு என்ற பெயர் நிலைத்தது. இரண்டு முனைப் புள்ளிகள், வளைவைத் தம் பக்கம் இழுக்கும் இரண்டு கைப்பிடிகள், ஆக நாலு புள்ளிகள் போதும். கார் கதவின் வளைவுக்காகப் பிறந்த இந்தக் கணக்கு இன்று எழுத்துருவிலும் அனிமேஷனிலும் எடிட்டிங் மென்பொருளின் வேக வரைபடத்திலும் இருக்கிறது. வண்டி செய்யும் ஊரான ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கைப்பிடியை இழுத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அசைவில் இன்னும் இரண்டு நுணுக்கம் உண்டு. 100 சதவீதத்திலிருந்து 200 வரை ஃபிரேமுக்கு ஒவ்வொரு சதவீதமாக ஏற்றினால், முதல் ஃபிரேமில் படம் நூற்றில் ஒரு பங்கு வளர்கிறது. கடைசி ஃபிரேமில் 199-இல் ஒரு பங்குதான் வளர்கிறது. கண் விகிதத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே சீரான எண்ணும் போகப் போகத் தளர்வது போலத் தெரியும். மற்றது நடுக்கம். 100 புள்ளி தூரத்தை 10 நொடியில் கடந்தால் ஃபிரேமுக்கு 0.4 புள்ளி. பின்னப் புள்ளியைக் கையாளாத மென்பொருள் அதை முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். படம் இரண்டு மூன்று ஃபிரேம் நின்று ஒரு புள்ளி தாவும், மறுபடி நிற்கும். மெதுவாக நகர்த்தும்போது படம் துடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மடிக்கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரத்தைக் கூட்டு அல்லது நேரத்தைக் குறை.

நிற்கும் படத்தின் மேல் பார்வையை நகர்த்தும் இந்த உத்திக்கு இப்போது கென் பர்ன்ஸ் எஃபெக்ட் என்று பெயர். 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் எடுத்த நீண்ட தொடரில் அந்தக் காலத்துப் புகைப்படங்களையே உயிருள்ள காட்சிகளாக்கினார். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் பேசிச் சம்மதம் பெற்று, 2003-இல் வந்த ஐமூவி எடிட்டிங் மென்பொருளில் அந்தப் பெயரில் ஒரு வசதியைச் சேர்த்தார். ஆனால் பர்ன்ஸே தனக்கு முன்னோடி என்று சொல்வது 1957-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்ற குறும்படத்தை. தங்கம் தேடி ஜனங்கள் திரண்ட டாசன் நகரத்தை 1890-களின் கடைசியில் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் அதில் வருகின்றன. காலின் லோவும் உல்ஃப் கோனிக்கும் இயக்கினார்கள். கேமராவின் ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு ஃபிரேம் எடுத்து, துளி நகர்த்தி, அடுத்த ஃபிரேம் எடுத்திருக்கிறார்கள். நான் இரண்டு கீஃப்ரேமில் முடித்ததற்கு அவர்கள் நாள்கணக்கில் நின்றிருப்பார்கள்.

டின்னில் இருந்த படங்களில் எனக்கு மிகப் பெரிய செல்வம் ஆயுத பூஜைப் படங்கள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அந்த ஒரு நாள் மெஷின்களுக்குத் திருநாள். லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. அன்று எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மாமாவிடம் அப்படி 11 வருடத்துப் படங்கள் இருந்தன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஒரே தூரத்தில். ஒன்று கரைந்து மற்றொன்றாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்படிக் கரைக்கும் டிசால்வ் என்பது வெறும் கூட்டல்தான். முதல் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் 100 சதவீதத்திலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும், இரண்டாவதை அதே அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் இரண்டிலும் பாதிப் பாதி. ஆனால் சும்மா போட்டால் அந்த நடுப்பகுதி பேய் போல இருக்கும், ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் மூக்கு முளைக்கும். இதற்கு ஒரு வழி, மாமாவின் இரண்டு கண்களை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. கண்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து அளவைச் சரிசெய்தேன். கண்களை இணைக்கும் கோடு சாய்ந்திருந்தால் படத்தைத் திருப்பினேன். பிறகு நடுப்புள்ளியை நகர்த்தினேன். 11 படத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஓட்டிப் பார்த்தபோது கண்கள் அசையவே இல்லை. அவற்றைச் சுற்றி மீசை நரைத்தது, முன்நெற்றி ஏறியது, கண்ணாடி வந்தது, யூனிஃபார்மின் நிறம் இரண்டு முறை மாறியது. பின்னால் இருந்த கைச்சக்கரம் வைத்த லேத் போய்க் கதவு வைத்த சிஎன்சி வந்தது. அத்தை அதை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு நம்மிடம் பழைய பழக்கம் இருக்கிறது. எடிட்டிங்கைத் தமிழில் படத்தொகுப்பு என்கிறோம். தொகுப்பது நம் பழந்தொழில். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அகப்பாடல்களை அடிக்கணக்கு பார்த்தே பிரித்தார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு. நீளம் மாறினால் பாட்டின் இயல்பே மாறுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுபது நொடி என்றால் 1,500 ஃபிரேம். 22 படத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 68. முதலில் அப்படித்தான் பங்கிட்டேன். ரேஷன் கடை வரிசை போல இருந்தது. ஒரே முகம் இருக்கும் படத்தைக் கண் உடனே படித்துவிடும். முப்பது பேர் நிற்கும் படத்தில் ஒவ்வொருவராகத் தேடும். அதற்குத் தக்கபடி ஒன்றுக்கு 15 ஃபிரேம், ஒன்றுக்கு 120 என்று கொடுத்த பிறகுதான் டிரெய்லருக்கு நடை வந்தது.

இசைக்குச் சினிமாப் பாட்டை எடுக்கவில்லை. உரிமை நம்முடையது இல்லை என்பது ஒரு காரணம். கேட்டவுடன் எல்லோருக்கும் அந்தப் படத்தின் காட்சி நினைவுக்கு வரும் என்பது இன்னொன்று. எங்கள் தெருவில் பறை பழகும் பையனை வாசிக்கச் சொல்லிச் செல்போனில் பதிந்தேன். இங்கேயும் கணக்கு. நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஒரு அடிக்கு அரை நொடி, அதாவது 12.5 ஃபிரேம். அரை ஃபிரேமில் வெட்ட முடியாது. ஒரு வெட்டு தாளத்துக்கு முன்னால் விழும், அடுத்தது பின்னால். நிமிடத்துக்கு 100 என்று வாசிக்கச் சொன்னேன். ஒரு அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். வெட்டுகள் கோலப்புள்ளி போல உட்கார்ந்தன.

தலைப்பில்தான் கண்ணீர் வந்தது. மாமாவின் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். நண்பர் ஒருவரின் கணினியில் இருந்த வேறொரு மென்பொருளில் அந்த ஊர்ப் பெயரை அடித்தால் ‘த’வுக்குப் பின்னால் இரட்டைக்கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றது. யூனிகோடில் ‘தே’ என்பது முதலில் ‘த’, பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது, நாம் உச்சரிக்கும் வரிசையில். திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. ‘கோ’வில் ஒரே குறி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். ‘டை’யில் மறுபடி இடப்பக்கம். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய மென்பொருளுக்கு இந்த வேலை தெரியாது. தேன்கனிக்கோட்டை என்ற ஒரு சொல்லில் மூன்று இடத்தில் அது தடுக்கி விழுகிறது. எந்த எடிட்டிங் மென்பொருளையும் நீங்கள் இந்த ஒரு பெயரை வைத்தே சோதித்துவிடலாம். அடோபி பிரீமியரில் தெற்காசிய எழுத்துகளுக்கான எஞ்சினை அமைப்புகளில் தேர்ந்தெடுக்க வேண்டும். கேடென்லைவில் ஒன்றும் செய்யாமலே சரியாக வந்தது. மாமாவின் ஷிஃப்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். அதனால் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் போட்டேன். உருதுவுக்கு வலமிருந்து இடம் எழுத எனக்குத் தெரியவில்லை. மாமாவின் நண்பர் மகள் அடித்துக் கொடுத்தார்.

பதினான்காம் நாள் எல்லாம் போனது என்று நினைத்தேன். படங்கள் பென்டிரைவில் இருந்தன. நான் அதைக் கழற்றி வேறு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். பிராஜக்டைத் திறந்தால் ஒரு படமும் இல்லை. பதறி, அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து பார்த்தேன். எழுத்துகளாகவே இருந்தது. இந்த ஃபோல்டரில் இந்தப் படம், இந்த ஃபிரேமில் தொடங்கு, இந்த ஃபிரேமில் முடி. சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் கல்யாணச் சீட்டு போல. சீட்டில் அரிசி இருக்காது, எங்கே எவ்வளவு வாங்க வேண்டும் என்பது இருக்கும். நாம் டைம்லைனில் எத்தனை முறை வெட்டினாலும் மூலப் படத்தில் ஒரு கீறலும் விழாததற்கு இதுவே காரணம். படச்சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒரு முடிவை மாற்றுவதற்கு மறுபடி கத்திரி எடுக்க வேண்டும். 1989-இல் ஏவிட் என்ற கணினி எடிட்டிங் முறை வந்து இதை மாற்றியது. 1994 பொங்கலுக்கு வெளியான ‘மகாநதி’தான் இந்தியாவில் ஏவிட்டில் தொகுத்த முதல் படம் என்று சொல்லப்படுகிறது. பென்டிரைவைத் திரும்ப வாங்கி, படங்களை மடிக்கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, தேடு என்று சொன்னேன். எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

கடைசியில் ரெண்டர், அதாவது எல்லாவற்றையும் ஒரே வீடியோக் கோப்பாக்குவது. ஒரு ஃபுல் எச்டி ஃபிரேமில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். 1,500 ஃபிரேமுக்குக் கணக்கிட்டால் சுமார் 9.3 ஜிபி. எனக்குக் கிடைத்த கோப்பு 60 எம்பிக்குச் சற்று அதிகம். நூற்றைம்பதில் ஒரு பங்கு. மீதி எங்கே போனது? அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதால், மாறியதை மட்டும் எழுதிவைப்பது ஒரு வழி. இன்னொன்று ஒரே ஃபிரேமுக்குள் நடக்கிறது. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, அந்தச் சதுரத்தில் வெளிச்சம் மெதுவாக மாறும் பகுதி எவ்வளவு, வேகமாக மாறும் பகுதி எவ்வளவு என்று பிரித்தெழுதுகிறது கணினி. வேகமான நுண்மாற்றங்களில் கண் கண்டுகொள்ளாதவற்றை விட்டுவிடுகிறது. இந்தப் பிரித்தெழுதும் முறையைத் தந்தவர் நசீர் அகமது, 1940-இல் பெங்களூரில் பிறந்தவர், அங்கேயே பொறியியல் படித்தவர். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். 1972-இல் இதை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ஜேபெக் படமும் நாம் அனுப்பும் வீடியோவும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்.

விழாவுக்கு முந்தின ராத்திரி மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். அறுபது நொடி ஓடி முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். 1996 ஆயுத பூஜைப் படம் வந்ததும் “நிறுத்து” என்றார். இடது ஓரத்தில், வாழைக்கன்றுக்குப் பாதி மறைவில், சிரித்துக்கொண்டு ஒருவர் நின்றார். மாமாவுக்கு முதன்முதலில் மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது இல்லை.

“இவர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாப்ள.”

அந்தப் படத்துக்கு நான் கொடுத்திருந்தது 30 ஃபிரேம். இன்னும் 45 சேர்த்தால் மூன்று நொடி நிற்கும், தாளத்துக்கும் பொருந்தும். ஆனால் அறுபது நொடியை மீற முடியாது. வேறு எதிலாவது 45 ஃபிரேம் குறைக்க வேண்டும். எதில் எடுப்பது என்று கேட்டேன்.

“என் தனிப்படத்துல எடு” என்றார்.